சிதம்பரத்து இடது தோள்

'சிதம்பரத்து இடது தோள்' என்று அதற்குப் பெயர் வைத்ததே நான்தான். வைத்த வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

ரெண்டு வருஷமாக மாதத்துக்கு நாலைந்து ஜாக்கெட்டாவது அப்படி என்னிடம் வரும். எல்லாம் சிதம்பரத்தில் ஒரு மாடியில் இருந்த பொட்டிக்கில், அதாவது பெரிய இடத்துத் தையல்கடையில் தைத்தவை. லைனிங் பிரமாதமாக இருக்கும். கழுத்தில் ஆரி வேலை கண்ணைப் பறிக்கும். போட்டுப் பார்த்தால் மட்டும் இடது பக்கம் அக்குளில் கடிக்கும், கழுத்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். வலது பக்கத்தில் ஒரு குறையும் இருக்காது. கல்யாணத்துக்கென்று ஆசை ஆசையாகத் தைத்த பெண்கள் கண் கலங்கி வந்து நிற்பார்கள். கடலூரில் வண்ணாரப்பாளையத்து ஜோதி மேரி என்றால் ஆல்ட்ரேஷனுக்குக் கைராசிக்காரி என்று நாலு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். இடது கையைப் பிரிப்பேன், தோள் மூட்டைப் பிரிப்பேன், கைப் பக்கம் அரை இஞ்ச் தளர்த்தி மறுபடி மூட்டுவேன். கழுத்து நேராக வந்து உட்கார்ந்துவிடும்.

வெட்டினவன் கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வெட்டினான் என்று திட்டிக்கொண்டேதான் பிரிப்பேன். ஆனால் ஒன்று, உள்ளே ஒரு இஞ்ச் துணி தாராளமாக விட்டிருப்பான். நான் விடுகிற மாதிரியே. இவ்வளவு விவரமான ஆள் ஒரு தோளில் மட்டும் எப்படிக் கோட்டை விடுகிறான் என்று எனக்குப் புரியாது.

நான் திட்டத் திட்ட, எதிரில் உட்கார்ந்து ஊக்கு வைத்தபடி இசைவாணி சிரிப்பாள்.

இசைவாணி எனக்குப் பதினாலு வருஷப் பழக்கம். குறிஞ்சிப்பாடியில் தையல் வகுப்பில் ஒரே மெஷினை ஆளுக்கு அரை மணி நேரம் என்று பங்கு போட்டுக் கற்றுக்கொண்டோம். என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய் நிறைய அக்கா என்பாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகள் இலக்கியா காலேஜில் படிக்கிறாள். அந்தச் சிதம்பரம் பொட்டிக்கில்தான் இசைவாணிக்கு வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவாள். ஊக்கு வைப்பது, குஞ்சம் கட்டுவது, அவ்வளவுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். தைக்கக் கொடுக்கிறவர்களைத் தவிர வெளியாளை மாடி ஏற விடமாட்டார்கள் என்று அவள் சொன்னதால் நான் அங்கே போனதே இல்லை.

"உங்க கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பக்கம் தோளே கெடையாதாடி?" என்று கேட்பேன்.

"அது ஒரு லூசுக்கா. சொன்னா மண்டையில ஏறாது" என்பாள்.

விழுந்து விழுந்து சிரிப்போம். போன ஆடி மாசம் ஒரு நாள், சிரிப்பெல்லாம் அடங்கினபிறகு, இதை அளவு வெட்டிவைக்கிற பேப்பரிலேயே சரிசெய்ய முடியாதா என்று அவள் கேட்டாள். அந்த லூசுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாக்கும், நல்ல மனசு என்று நினைத்தேன். சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கோடு போட்டு, எங்கே எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். அந்த ஆடியோடு சிதம்பரத்து இடது தோள் வருவது நின்றுபோனது. உங்கள் லூசு திருந்திவிட்டது போலிருக்கிறதே என்று அவளிடம் சொல்லவும் செய்தேன். அதற்கும் சிரித்தாள்.

எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், பழைய தையல் சாமான். எந்த ஊரில் எந்த டெய்லர் கடையை மூடுகிறார்கள், எந்த வீட்டில் மெஷினை விற்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துக்கொண்டு பை தூக்கிப் போவோம். பண்ருட்டியில் ஒரு ரெடிமேட் கடை மூடியபோது அரை மூட்டை லேஸ் கிடைத்தது. இன்னொரு ஊரில் ஒரு பாட்டில் நிறைய சிப்பிப் பட்டன். சிப்பியா பிளாஸ்டிக்கா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். சிப்பி ஜில்லென்று இருக்கும். நூல்கண்டைக் காதோரம் பிடித்து வெடுக்கென்று இழுப்போம். நல்ல நூல் டக்கென்று சத்தம் போட்டு அறும். உளுத்த நூல் சத்தமே இல்லாமல் விட்டுவிடும். கத்தரிக்கோல் என்றால் ஈரத்துணியை நுனி வரைக்கும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். யாருக்கும் வேண்டாம் என்று மூலையில் கிடக்கிற மூட்டையிலிருந்து நல்ல பாபின் கேஸ் ஒன்று கையில் அகப்படும்போது வருகிற குஷி இருக்கிறதே, அது புதுக்கடையில் எத்தனை காசு கொடுத்தாலும் கிடைக்காது.

இதில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கை பட்டவளுக்குத்தான் சாமான். ஆரம்பத்தில் பண்ருட்டியில் ஒரு ஜிக்ஜாக் கத்தரிக்கோலுக்காக ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்து, மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். அதற்கப்புறம் வந்த சட்டம். யார் கை முதலில் படுகிறதோ அவளுக்கு; மற்றவள் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் இசைவாணி என்ன செய்வாள் தெரியுமா? என் கண் எதன்மேல் விழுகிறது என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தன் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நிற்பாள். எத்தனையோ தடவை. அவளைப் போல ஒருத்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று என் வாயால் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

என் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரு தகரப் பெட்டி. உள்ளே என் பேப்பர் கட்டிங். முப்பதிலிருந்து நாற்பத்திநாலு வரைக்கும் எட்டு சைஸ் ஜாக்கெட்டுக்கு, பழுப்புக் காகிதத்தில் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டி வைப்பேன், வேலை முடிந்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவேன். தையல்காரி தன் பேப்பரை யாருக்கும் காட்டமாட்டாள். பதினாலு வருஷத்தில் இசைவாணி கேட்டதில்லை, நானும் விரித்துக் காட்டினதில்லை. என் வீட்டுக்காரர் ஞானராஜ்கூட அந்தப் பெட்டியை நகர்த்த வேண்டுமென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்துவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் சீழ் பிடித்து, இருபத்திமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் ஆறு நாள் எனக்கு நினைவே இல்லை. கார்த்திகை மாசம், கடலூரில் அந்த மாசத்தில் மழை எப்படிப் பெய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஞானராஜ் என் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார். இசைவாணிதான் அந்தத் தண்ணீரில் இறங்கிப் போய், என் பெட்டியைச் சாவியோடு எடுத்து, தலையில் வைத்துத் தூக்கி வந்து, மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டு அலமாரிமேல் பத்திரமாக வைத்தாள். நான் பிழைத்து வந்து பெட்டியைத் திறந்தேன். ஒரு காகிதம் நனையவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வயிற்றில் தையல் ஆறினதும் முதல் வேலையாக மாதா கோயிலுக்குப் போய் அவள் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அப்பேர்ப்பட்டவளோடு சேர்ந்து கடை போட எனக்கு என்ன தயக்கம்? மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை பிடித்தோம். இனிமேல் சிதம்பரத்துக்கு அலைய வேண்டாம், நீ ஊக்கும் குஞ்சமும் பார், நான் கட்டிங் பார்க்கிறேன் என்று பேசி முடித்தோம். ஆளுக்கு ஒரு சாவி. 'வாணி ஜோதி லேடீஸ் டெய்லர்ஸ்' என்று போர்டு எழுதியாகிவிட்டது. கட்டிங் மேசை முதல் நூல் ஸ்டாண்டு வரை எல்லாம் பழைய சாமான்தான், ஒவ்வொன்றும் நாங்கள் ரெண்டு பேரும் தேடிச் சேர்த்தது. வருகிற திங்கட்கிழமை திறப்பு. நாற்பத்தாறு வயதில், வீட்டு வாசலை ஒட்டின ஆறடி இடத்திலிருந்து ஒரு கடைக்குப் போகப்போகிறேன். எனக்கு ஒவ்வொரு நாளும் திருவிழாவாக இருந்தது. பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டேன்.

பாக்கி இருந்தது ஒரு பாடி ஸ்டாண்டு மட்டும்தான். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கிற தலையில்லாத பொம்மை. அந்தப் பொட்டிக்கைப் பெரிய இடத்துக்கு மாற்றுகிறார்கள், பழைய சாமானையெல்லாம் சிதம்பரம் வண்டிகேட் பக்கம் அருள்முருகன் என்கிற பழைய சாமான் வியாபாரி எடுத்திருக்கிறார் என்று எனக்குக் காதில் விழுந்தது. இசைவாணியிடம் சொன்னேன். ஸ்டாண்டை எலி கடித்திருக்கிறது, மற்றதெல்லாம் குப்பை, நீ அலையாதே என்றாள். அவள் சொன்னால் நான் மறுபேச்சு பேசுவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் கை சும்மா இருந்தது. எலி கடித்தால் என்ன, பஞ்சு வைத்துத் துணி சுற்றிவிடலாமே என்று தோன்றியது. தைத்துச் சரிசெய்து கொண்டுபோய்க் கடையில் நிறுத்தி அவளை அசத்தலாம் என்று சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அருள்முருகன் கொடோனில் பொட்டிக் சாமான் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது. ஸ்டாண்டு அதன் நடுவில் நின்றது. எலியும் கடிக்கவில்லை, ஒன்றும் கடிக்கவில்லை, ஜம்மென்று நின்றது. அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டேன். ஆரி ஃப்ரேம், லேஸ் சுருள் என்று கிளறிக்கொண்டே போனபோது அடியில் ஒரு கட்டு கிடைத்தது. நியூஸ் பேப்பரில் வெட்டின ஜாக்கெட் கட்டிங், துணிக்கரையால் கட்டியிருந்தது. கட்டைப் பிரித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது அந்த ஓட்டை. நான் ஆணியில் மாட்டப் போடுகிற ஓட்டை. என் ஆணி, என் வீட்டுச் சுவர். அதற்கு இங்கே என்ன வேலை? யாரோ ஒரு கட்டிங்கை வைத்து, அச்சு மாறாமல் கோடு இழுத்து, ஆணி ஓட்டையைக்கூட விடாமல் வட்டம் போட்டு வெட்டியிருந்தார்கள்.

அடுத்து முதுகுத் துண்டு. ஊரில் எல்லாரும் முதுகுத் துண்டைப் பாதியாகத்தான் வெட்டி வைப்பார்கள். துணியை மடித்து அதன்மேல் வைத்து வெட்டினால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். நான் மட்டும்தான் முழுசாக வெட்டுவேன். ஏனென்றால் என் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பதினோரு வயதில் முந்திரி மரத்திலிருந்து விழுந்து இடது காரை எலும்பு உடைந்து, கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டு, இடது தோள் அரை இஞ்ச் இறங்கியே கூடிவிட்டது. முதன்முதலில் பேப்பர் வெட்டியபோது என் உடம்பை வைத்துத்தான் வெட்டினேன், மற்ற ஏழு சைஸையும் அதிலிருந்தே எடுத்தேன். அடுத்தவர்களுக்கு வெட்டும்போது இடது தோளில் சாக்பீஸால் அரை இஞ்ச் ஏற்றிக்கொள்வேன். சமையலுக்கு உப்புப் போடுகிற மாதிரி, கை தானாகச் செய்யும். பேப்பரில் எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

கையில் இருந்த முதுகுத் துண்டு முழுசாக இருந்தது. ஸ்டாண்டின்மேல் வைத்தேன். இடது தோள் அரை இஞ்ச் இறங்கியது.

என் வலது கை தானாகப் போய் என் இடது தோளைத் தொட்டது. ரெண்டு வருஷமாக நான் திட்டித் திட்டிப் பிரித்த அந்த இடது தோள் என்னுடையது! என் உடம்பை எடுத்துக்கொண்டு போய்ச் சிதம்பரத்தில் யார் யாருக்கோ மாட்டிவிட்டிருக்கிறார்கள். நானே அதைப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறேன்.

நியூஸ் பேப்பரில் தேதி இருந்தது. நவம்பர் பதினேழு. பக்கத்திலேயே மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்று செய்தி. அந்தத் தேதியை நான் மறக்கமாட்டேன். என் ஆஸ்பத்திரிச் சீட்டில் அது இருக்கிறது. என் மூக்கில் குழாய் போட்ட மறுநாள் அது. கட்டின் அடியில் இன்னொரு பேப்பர், போன ஆடியில் வந்தது. அதில் பென்சிலால் 'இடது அரை ஏத்தணும்' என்று எழுதி, நான் தரையில் போட்டுக் காட்டின அதே கோடு. இசைவாணியின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அந்தக் கட்டை வைத்துவிடச் சொல்லி அருள்முருகன் குரல் கொடுத்தார். கட்டிங் மாஸ்டர் அம்மா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். எந்த மாஸ்டர் என்று கேட்டேன்.

"இசைவாணி அம்மாதான். மூணு வருஷமா அங்க அவுங்கதான கட்டிங்கு. இப்ப வரேன்னு போன் பண்ணாங்க" என்றார்.

அப்படியே ஒரு நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. திருடினது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த லூசு இவள்தான். என் எதிரில் உட்கார்ந்து தன்னைத்தானே லூசு என்று சொல்லி, என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். நானும் ஒரு மடச்சி, சாக்பீஸை எடுத்து, என்னிடமிருந்து திருடினதைத் திருத்திக்கொள்ள அவளுக்கே பாடம் எடுத்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். என் மடியில் கட்டு இருந்தது.

"ஸ்டாண்ட எலி கடிச்சிருக்குன்னு சொன்ன. நல்லாத்தான இருக்கு" என்றேன்.

அவள் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை. கட்டைத்தான் பார்த்தாள். "அது பழைய பேப்பருக்கா. எடைக்குப் போட வெச்சது. குடு" என்று கையை நீட்டினாள்.

"என் கை பட்டுடுச்சு வாணி."

நீட்டின கை அப்படியே இறங்கியது. பதினாலு வருஷச் சட்டம், அவளால் அதற்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. நான் திறந்தேன். கொடோனில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கழுத்தறுத்தவள் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஸ்டாண்டின்மேல் முதுகுத் துண்டை வைத்துக் காட்டினேன். பிறகு என் முந்தானையை விலக்கி என் தோளைக் காட்டினேன். மழைக்காலத்தில் வலி எடுக்கும்போது தைலம் போட்டு நீவிவிடுவதே அவள்தான். பதினாலு வருஷம் தன் கையால் நீவின தோள் பேப்பரில் வந்து படுத்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் தோளையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதுகுத் துண்டு ஏன் முழுசா இருக்குதுன்னு உனக்குத் தோணவே இல்லையாடி?"

"தோணுச்சிக்கா" என்றாள். "யார கேக்குறது?"

கேட்டிருந்தால் என் கையாலேயே வெட்டிக் கொடுத்திருப்பேன் என்றேன். அது பொய்யில்லை. பேப்பரை யாருக்கும் காட்டாதவள்தான் நான், ஆனால் அவள் வாய் விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் அழ ஆரம்பித்தாள். ஊக்கு வைக்கிறவர்களை அப்போது வேலையைவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்களாம். இலக்கியாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற நேரமாம். கட்டிங் தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாளாம். எல்லாவற்றையும் கேட்டேன். சரி, அதற்கு நான் சாகக் கிடந்த நேரம்தானா கிடைத்தது என்று கேட்டேன்.

"டாக்டரு கைய விரிச்சிட்டாங்கன்னு ஞானராஜ் மாமா போன்ல அழுதாருக்கா" என்றாள். "நீ போயிட்டா இந்தப் பெட்டிய உன் நாத்தனாரு பழைய பேப்பர்காரங்கிட்ட தூக்கிப் போட்டுடும். வீணாப் போயிடக் கூடாதேன்னுதான் ஒக்காந்தேன். ராவும் பகலும் ஒக்காந்து எடுத்தேன்."

எனக்கு ஆத்திரம் சட்டென்று அடங்கிவிட்டது. அதற்குப் பதில் வேறு ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அங்கே நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே இவள் நான் போய்விடுவேன் என்று கணக்குப் போட்டு, அளவு டேப்பும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறாள். மூடப்போகிற கடைக்கு நாங்கள் பை தூக்கிக்கொண்டு போவோமே, அதேபோல என்னிடம் வந்திருக்கிறாள்.

"நான்தான் பொழச்சி வந்துட்டனே. அப்ப சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ எனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து நின்னக்கா" என்றாள். "எப்பிடிச் சொல்றது?"

கட்டைத் துணிக்கரையால் மறுபடி கட்டினேன். அப்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, திங்கட்கிழமை கடைக்கு வருவாய்தானே என்று கேட்டாள். போர்டு எழுதியாகிவிட்டதே என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம்கூட என் மனசின் ஒரு மூலை வருகிறேன் என்று சொல்லத் துடித்தது. ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்த கடை. இவளை விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? திருடினதை மன்னித்துவிடலாம். சிரித்ததைக்கூட மன்னித்துவிடலாம். அவளிடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு கேக்குறேன். நெசத்தச் சொல்லு. நான் பொழச்சி எழுந்து வந்தப்ப, உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா வாணி?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. உளுத்த நூல் விட்டுப்போகிற மாதிரி, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஊசியில் நூல் கோத்து முடிச்சுப் போடுகிற நேரம் அப்படியே போனது.

"இருந்துச்சிக்கா" என்றாள் பிறகு.

எனக்குக் கேட்க வேண்டியது அதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டது. பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன். போர்டில் என் பெயரை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். அழுகையோடுதான் கேட்டாள், ஆனாலும் கேட்டாள்.

"எதுக்கு அழிக்கிற? மத்தது எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. அத மட்டும் ஏன் உடுற, வெச்சிக்க" என்றேன்.

கட்டை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்டாண்டு அங்கேயே நின்றது. புதுச்சத்திரம் தாண்டுகிறவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்கப்புறம் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை அந்தக் கடை திறந்தது. போர்டில் என் பெயர் இருக்கிறது என்று ஞானராஜ் வந்து சொன்னார். நான் என் வீட்டு வாசலை ஒட்டின ஆறடி இடத்திலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய சாமான் எங்கே விற்றாலும் போவதில்லை. தனியாகப் போனால் கன்னத்தில் வைக்கிற பட்டனெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

போன வாரம் சிதம்பரத்திலிருந்து தைலம்மாள் என்று ரிட்டயரான டீச்சர் ஒருவர் வந்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மாடியில் தைத்த பட்டு ஜாக்கெட்டாம். மகள் கல்யாணத்தன்று பூராவும் இடது கையைத் தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு மடித்து வைத்ததை இப்போதுதான் எடுத்திருக்கிறார்.

"இத வெட்டுன கைய ஒடிக்கணும்மா" என்றார்.

பழைய நாளாக இருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். பேசாமல் இடது கையைப் பிரித்தேன், தோள் மூட்டைப் பிரித்தேன், அரை இஞ்ச் தளர்த்தினேன். உள்ளே ஒரு இஞ்ச் துணி பத்திரமாக இருந்தது. டீச்சர் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை மேலும் கீழும் ஆட்டிச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கூலி எவ்வளவு என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று ரெண்டு தடவை கேட்டார். என் தோளைத்தான் அன்றைக்குப் பூராவும் அவர் சுமந்துகொண்டு நின்றார் என்று எப்படிச் சொல்வது? ஜாக்கெட்டைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.